உட்காரத் தெரியாத அம்சம்

என் மனைவி அம்சத்துக்கு உட்காரத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்துக்காலாக வைத்துக்கொண்டு, எப்போது எழுந்து ஓடலாம் என்றுதான் உட்காருவாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஒயர் கூடைக்கு அடி போடுவாள். சாதம் வடிகிற நேரத்தில் நாலு வரிசை ஏற்றிவிடுவாள். எங்கள் தெருவில் அவள் பின்னிய கூடை இல்லாத வீடு கிடையாது. வலங்கைமான் சந்தைக்குப் போனால் பச்சையும் மஞ்சளுமாக எதிரே வருகிற கூடைகளில் பாதி அவள் கைவேலை. "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டாடீ பொறந்த?" என்று கேட்டால், "அதான் நீங்க ரெண்டு பேருக்கும் சேத்து உட்கார்ந்திருக்கீங்களே, போதாதா?" என்பாள்.

இந்த வருஷம் அவள் அப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் உண்மையிலேயே நான் உட்கார்ந்துதான் இருந்தேன். பாதி நேரம் படுத்தும் இருந்தேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு மழை கொட்டியதே, அப்போது எங்கள் வயலுக்குத் தண்ணீர் வடிகிற மதகில் குப்பை அடைத்துக்கொண்டது. ஆள் வரட்டும் என்று இருந்திருக்கலாம். இருபத்தைந்து வருஷம் டிராக்டர் ஓட்டினவன், எனக்கா தெரியாது என்று இறங்கினேன். வரப்பு வழுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. மன்னார்குடியில் தொடைக்குள் கம்பி வைத்து, மூன்று மாதம் அசையக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் உடைந்தது என் தொடை மட்டும் இல்லை. அம்சம் மார்கழியில் டப்ளின் போகவேண்டியவள். எங்கள் ஒரே பெண் மதிவதனி அங்கே நர்ஸ். மருமகன் இளம்பரிதிக்கும் அதே ஊரில்தான் வேலை. தை மாதக் கடைசியில் அவளுக்குப் பிரசவம் என்று தேதி சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தயார். பிரசவ மருந்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி வரை இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் போய் மதகில் விழுந்தேன். என்னைக் குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கட்டிலைக் கொல்லைப்பக்கத்து ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு நேரே கொல்லை. அதில் துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை, கீற்றுக்கொட்டகைக்குக் கீழே முயல் கூண்டு. இந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் அடுப்படி. நாள் முழுக்க எனக்கு இதுதான் சினிமா. கதாநாயகி குட்டி போட்ட பூனை மாதிரி அங்கும் இங்கும் அலைந்துகொண்டே இருப்பாள்.

முயல் கதையைச் சொல்லவேண்டும். அம்சத்தின் தம்பி துரைராசு கோத்தகிரியிலிருந்து கேரட், பீட்ரூட் ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறான். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். திறந்தால் கண் எது, காது எது என்று தெரியாமல் ஒரே வெள்ளை முடி. "மாமா, கம்பளி முயலு. மலையில ஒரு தோட்டத்துல குடுத்தாங்க" என்றான். எனக்கு உடனே மிளகு வறுவல் ஞாபகம் வந்தது. "முடியெல்லாம் போனா கறி எவ்வளவுடா தேறும், மச்சான்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அம்சம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நானே வறுவலாகியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வெறும் ரசம்தான்.

பஞ்சு என்று பேர் வைத்தாள். குளிர்ப்பிரதேசத்து முயல் எங்கள் ஊர் வெயிலில் எப்படிப் பிழைக்கும்? பிழைக்க வைத்தாள். சித்திரை வெயிலில் முடியை ஒட்டக் கத்தரித்தாள். கூண்டைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினாள். டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு வைத்தாள். ஐம்பத்தெட்டு வயசுப் புருஷன் நான் பனைமட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். அது அகத்திக்கீரையும் அருகம்புல்லும் தின்றுவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முடியைக் கத்தரிப்பாள். அதை என்ன செய்வதென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் நூல் நூற்கிற தக்கிளி சுற்றியிருக்கிறாள். அது ஞாபகத்தில் இருந்தது. தச்சரிடம் சொல்லி ஒரு தக்கிளி செய்துகொண்டாள். முயல் முடி வழுக்கும். விரலில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழுத்தால் நூல் வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதன்பிறகு அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தக்கிளி. ஒருநாள் என் கத்திரிக்காய்க் கொத்சில் வெள்ளையாக ஒன்று நீளமாக வந்தது. "என்னாடீ இது?" என்றேன். "தேங்காப் பூ" என்றாள். தேங்காய்ப்பூ எப்படி ஒரு முழம் இருக்கும்?

நூற்றாளே தவிர, அதில் எதையும் பின்னவில்லை. உருண்டை உருண்டையாகச் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிடுவாள். நூற்காத முடியும் ஒரு தலையணை உறை நிறைய இருந்தது. மதிவதனி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து நூற்பது இரண்டு பங்காகிவிட்டது. "பேரப்புள்ளைக்காடீ?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

அவள் திரும்பவே இல்லை. "எந்தப் புள்ளைக்கும் இல்ல. நூலு நூலாத்தான் இருக்கு. அது ஒண்ணும் சட்டையில்ல, தொப்பியில்ல" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதுவும் வாங்கமாட்டார்கள், தைக்கமாட்டார்கள். பிறந்தபிறகு பழைய வேட்டியைக் கிழித்து அதில்தான் முதலில் சுற்றுவார்கள். புதுத்துணியெல்லாம் அப்புறம். இரண்டு வருஷத்துக்கு முன் மதிவதனிக்கு முதல் தடவை ஐந்தாம் மாதம். அம்சத்துக்குக் கை சும்மா இருக்குமா? கும்பகோணம் போனவள் வெள்ளியில் ஒரு ஜோடிக் கொலுசு வாங்கிவந்துவிட்டாள். என் கட்டைவிரலில் மோதிரமாகப் போடலாம், அவ்வளவு சின்னது. வீடியோவில் மகளுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்தே நாளில் குழந்தை கலைந்துவிட்டது.

கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு, யார் செய்த தவறும் இல்லை என்று டாக்டர் சொன்னதாக மதிவதனி அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் புரிந்தது. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "வயித்துல கிடக்கற புள்ளைக்கு எவளாவது கொலுசு வாங்குவாளா? நீ வாங்குன, அது போயிடுச்சு" என்று சொன்னேன். சொன்னவன் நான்தான். அம்சம் என் இலையில் ரசத்தை ஊற்றினாள். ரசம் இலையைத் தாண்டி ஓடியது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு நேரம் வரவில்லை. நேரமா வரவில்லை? மானம் கெட்டவனுக்கு வாய்தான் வரவில்லை.

கொலுசு உளுந்து டின்னுக்குள் கிடக்கிறது. முறுக்கு தேடியபோது ஒருநாள் கையில் தட்டுப்பட்டது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே உளுந்துக்குள் புதைத்துவிட்டேன்.

இப்போது நிலவரம் இது. பக்கத்து வீட்டுப் பிரபுவும் டப்ளினில்தான் இருக்கிறான். அக்கா கல்யாணத்துக்கு வந்தவன் பொங்கலை முடித்துக்கொண்டு தை ஐந்தாம் தேதி கிளம்புகிறான். "பெரியம்மா, மதி அக்காவுக்கு ஏதாவது குடுக்கணும்னா குடுங்க. கையோட கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. தபாலை அம்சம் நம்பமாட்டாள். ஒருதடவை அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் உடைந்து, பெட்டி எண்ணெயில் ஊறிக்கொண்டு திரும்பி வந்தது. அங்கே இப்போது எலும்பைத் துளைக்கிற குளிர். குழந்தை பிறந்தபிறகு பின்னலாம் என்றால் பிரபு போயிருப்பான். பிறப்பதற்கு முன் பின்னினால், போன தடவை மாதிரி ஆகிவிட்டால்?

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மஞ்சள் பையை இறக்குவாள். கொக்கி ஊசியை எடுப்பாள். நூலை ஊசியில் மாட்டுவாள். உடனே கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி உருவிப் போட்டுவிட்டு, பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கொல்லைக்குப் போய் இல்லாத பாத்திரத்தைத் தேய்ப்பாள். நான் ஜன்னலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பின்னு அம்சம், ஒண்ணும் ஆவாது" என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வரும். அப்புறம் "காபி போடு" என்று வெளியே விழும்.

போகியன்று காலையில் அவள் கூண்டுப் பக்கம் போனவள், "ஏங்க! பஞ்சுவப் பாருங்களேன்!" என்று கத்தினாள். ஜன்னல் வழியே பார்த்தேன். பஞ்சு தன் நெஞ்சு முடியைத் தானே வாயால் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. கூண்டு மூலையில் பலகைமேல் ஒரு குவியல். நெஞ்சில் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது.

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் காரணம் சூடுதான். கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, பெண் பரீட்சையில் கோட்டை விட்டால்கூட மூளைச்சூடு. முயல் முடி பிடுங்கினால் வேறு என்னவாக இருக்கும்?

"சூடுடீ. நேத்து என்ன போட்ட?"

"மொச்சத் தோலு போட்டேங்க. பொங்கக் கொழம்புக்கு உரிச்சது."

"அதான். மொச்ச சூடுல்ல? வெந்தயக்கீரையப் போடு. நெஞ்சுல ஈரத்துணிய வையி."

வைத்தாள். போட்டாள். பஞ்சு ஈரத்துணியை உதறிவிட்டு மறுபடி பிடுங்கியது. குவிந்த முடியை அம்சம் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தரித்து எடுக்கிற முடியைவிட இது இன்னும் மெது. அவள் முகம் அப்படி மலர்ந்து அந்த மார்கழி முழுக்க நான் பார்த்ததில்லை. "கத்திரி படாத முடிங்க. வெண்ணெ மாதிரி இருக்கு" என்று முழுக்க வாரிக்கொண்டு வந்து நூற்க ஆரம்பித்தாள். மதியம் பார்த்தால் மறுபடி ஒரு குவியல். அதையும் வாரினாள். சாயங்காலம் இன்னொரு தடவை. ஒரு பொட்டு விடாமல் துடைத்து எடுத்தாள்.

நடுவில் நான் ஒன்றைப் பார்த்தேன். பஞ்சு புதுவைக்கோலை வாய் நிறையக் குறுக்காகக் கவ்விக்கொண்டு கூண்டுக்குள் இங்கும் அங்கும் அலைந்தது. பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்சத்தைக் கூப்பிட்டுக் காட்டக்கூட இல்லை. கூண்டைக் கூட்டும்போது அந்த வைக்கோலையும் அவள் வெளியே தள்ளிவிட்டாள். நாளைக்குப் பொங்கல், சுத்தமாக இருக்கவேண்டாமா?

பொங்கலன்று விடியக்காலை பனி இறங்கி, முருங்கை மரம்கூட கண்ணுக்குத் தெரியவில்லை. அம்சம் குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினாள். பானையில் பால் ஏற்றினாள். முயலுக்குக் கரும்புத்தோகை கொடுக்கப் போனாள். அப்புறம் "ஐயோ" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னாடீ? அம்சம்! என்னா?"

அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். உள்ளங்கையில் ஐந்து குட்டிகள். முடியே இல்லாத, கண் திறக்காத, சுண்டுவிரல் நீளத்துக் குட்டிகள். வெறும் பலகையில் பனியில் கிடந்திருக்கின்றன. ஐஸ் கட்டி மாதிரி இருந்தன. எதிலும் அசைவில்லை.

குட்டி எப்படி வந்தது என்கிறீர்களா? கார்த்திகையில் என் காலைப் பார்க்க வந்தபோது துரைராசு இன்னொரு முயல் கொண்டுவந்திருந்தான். "அக்கா, தொணைக்கு இருக்கட்டும். இதுவும் பொட்டதான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். நாங்களும் அதற்கு ராணி என்று பேர் வைத்து, பஞ்சு கூடவே விட்டிருந்தோம். கேரட் ஏற்றுகிறவனுக்கு முயலில் எது ஆண், எது பெண் என்று என்ன தெரியும்? அவனை அப்போது மனசுக்குள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

அம்சம் நின்றது ஒரு நொடிதான். ஓடினாள். அடுப்படியில் என் சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்ஸ் இருந்தது. அதில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாள். தலையணை உறையைக் கிழித்து, உள்ளே இருந்த முடி அத்தனையையும் அதில் திணித்தாள். குட்டிகளை நடுவில் வைத்து முடியால் மூடினாள். மூடியை முழுக்க மூடாமல், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதித் தேய்த்தாள். வெளியே பால் பொங்கும் நிலைக்கு வந்துவிட்டது.

"அம்சம், பால் பொங்குது!"

"பொங்கட்டும்!"

வருஷத்துக்கு ஒருநாள். பொங்குகிறபோது குரல் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் எப்படி? கட்டிலில் படுத்த மேனிக்கு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருத்தனே "பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன். பால் வழிந்து பாதி அடுப்பு அணைந்தது. பக்கத்து வீட்டில் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து, "ஏங்க, ஒண்ணு வாயத் தொறக்குதுங்க" என்று அவள் குரல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மீதி இரண்டும் அசையவே இல்லை. அவற்றை முருங்கைக்குக் கீழே அவளே குழி தோண்டிப் புதைத்தாள். பலகைமேல் புதுவைக்கோலைப் போட்டு, அதன்மேல் முடியைப் பரப்பினாள். போதவில்லை. மஞ்சள் பையை இறக்கினாள். எத்தனையோ மாதம் சாம்பல் தொட்டுச் சுற்றிய நூல் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சிறுசிறு துண்டாக வெட்டி, உதறி, பஞ்சாக்கி, மூலையில் அணைத்து வைத்தாள். பையில் ஒரே ஒரு உருண்டைதான் மிச்சம். குட்டிகளை உள்ளே விட்டதும் பஞ்சு குதித்து வந்து மேலே நின்றுகொண்டது. பால் கொடுக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கு நாங்கள் பொங்கல் சாப்பிட மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. பொங்கல் அடிப்பிடித்திருந்தது. நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். ஏழு காய் போட்ட குழம்பை ஊற்றிக்கொண்டே அவள்தான் பேசினாள்.

"அது சூடு இல்லீங்க."

"ம்."

"மெத்த போட்டுருக்கு. வர்ற புள்ளைக்கு மொத நாளே தன் முடியப் புடுங்கி மெத்த போட்டு வச்சிருக்கு. நான் மூணு தடவ வாரிட்டு வந்துட்டேன். வாயில்லாத சீவன்கிட்ட திருடிட்டேங்க."

"நாம என்னாத்தக் கண்டோம்? ரெண்டு பேருந்தான சூடுன்னோம்."

"வயித்துல இருக்கும்போதே எடுத்து வைக்குது. அத யாரும் ஒரு சொல்லு சொல்றதில்ல."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அது நேராக வந்து என் நெஞ்சில்தான் குத்தியது.

தட்டைக் கழுவிவிட்டு வந்தவள் மஞ்சள் பையை இறக்கினாள். கொக்கி ஊசியை மாட்டினாள். இந்தத் தடவை உருவிப் போடவில்லை. முதல் கண்ணி, இரண்டாம் கண்ணி, வட்டமாக ஒரு சுற்று. பயந்துகொண்டேதான் பின்னினாள். நடுநடுவே நிறுத்தி, சுவரில் மாட்டியிருக்கிற எங்கள் குலதெய்வம் படத்தைப் பார்ப்பாள். எழுந்து கூண்டுக்குப் போய்க் குட்டிகளை எண்ணிவிட்டு வருவாள். மூன்றும் இருந்தால் இன்னொரு சுற்று. மாட்டுப்பொங்கலன்று அடுப்பில் கருவாட்டுக் குழம்பு, கையில் தொப்பி. ஒரு உருண்டை நூலில் தொப்பி ஒன்றுதான் வரும். போர்வையும் பின்னலாம் என்ற நினைப்பெல்லாம் முயல் கூண்டுக்குள் போய்விட்டது.

நாலாம் தேதி மத்தியானம் தொப்பி முடிந்தது. ஒரு சாத்துக்குடிக்குப் போடலாம், அவ்வளவுதான். "உள்ள மெத்துன்னு ஒரு துணி வச்சுத் தைக்கணும். ஒங்க பழைய வேட்டி ஒண்ணு குடுங்க" என்றாள்.

"கட்டியிருக்கறதுதான் பழசு."

"அப்ப அதான்."

இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு, வேறொன்றைப் போர்த்திவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவு அவசரம்.

அவள் கொல்லையில் வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது மதிவதனி வீடியோவில் வந்தாள். வயிறு மேடாக, முகம் வெளிறி, ஏதோ வெள்ளைச் சுவர் பின்னால். நான்தான் எடுத்தேன். கால் எப்படி, கம்பி வலிக்கிறதா என்று கேட்டாள். நானும் பேச்சுக்குக் கேட்டேன்.

"அங்க குளிருக்கு எல்லாம் வாங்கி வச்சுட்டியாம்மா?"

"ஒண்ணும் வாங்கலப்பா."

"என்னம்மா, இன்னும் இருபத்தஞ்சு நாளுதான இருக்கு? ஆஸ்பத்திரியில லிஸ்ட் எல்லாம் குடுப்பாங்களாமே."

"குடுத்தாங்க. கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். மூணு தடவ."

"ஏம்மா?"

"அன்னைக்கு நீங்க அம்மாவச் சொன்னீங்கல்லப்பா, கொலுசு வாங்குனதாலதான்னு. அம்மா போனக் கட் பண்ணாம வச்சுட்டாங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆப்பரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டபோதுகூட நான் இப்படி மரத்துப்போகவில்லை. இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு, என் பெண் ஒரு சின்னத் துணி வாங்கக் கடைவாசல் வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறாள். இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி என்று தாயையும் மகளையும் ஒரே வார்த்தையில் கட்டிப்போட்டுவிட்டு, நான் இங்கே காபி கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

"மதி," என்றேன். "அப்பா பேசுனது தப்பும்மா. டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் பேசுனேன். ஒங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு வலிச்சுது, அத எங்க எறக்கறதுன்னு தெரியாம அவ தலையில எறக்கிட்டேன். நீ இன்னைக்கே கடைக்குப் போ. கண்டதையும் வாங்கு. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "அப்பா, மொதல்ல சட்டையப் போடுங்க, குளுருது" என்றாள். அங்கே குளிரில் இருக்கிறவள் இங்கே இருக்கிற எனக்குச் சொல்கிறாள். அவள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பிரபு பையோடு வந்து நின்றான். வெளியே கார் காத்திருந்தது. அம்சம் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, தொப்பி, பிரசவ மருந்துப் பொட்டலம், மிச்ச வேட்டித் துண்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்து, மேலே கயிறு கட்டப் போனாள்.

"அம்சம், கட்டாத. உளுந்து டின்னுல கைய விடு" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியும். எடுத்துட்டு வா. அதையும் வச்சு அனுப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை.

"நான் சொன்னது தப்புடீ," என்றேன். பிரபு பக்கத்தில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "ஒன் கையால வாங்குனது. என் பேரப்புள்ள காலுல அதான் மொதல்ல ஏறணும்."

உள்ளே போனாள். டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. உளுந்து சிதறுகிற சத்தமும் கேட்டது. பொட்டலத்தோடு வந்து பிரித்தாள். வெள்ளி கறுத்துப்போயிருந்தது. என் கட்டில் ஓரத்தில், என் காலுக்குப் பக்கத்தில், முழுசாக உட்கார்ந்தாள். குத்துக்கால் இல்லை. சம்மணம். மாடத்திலிருந்த விபூதியை எடுத்துக் கொலுசைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணீர் விழுந்த இடமெல்லாம் விபூதி குழைந்தது. அதையே வைத்துத் தேய்த்தாள்.

வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். பிரபு, "தேய்ங்க பெரியம்மா, நேரம் இருக்கு" என்றான். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து, அடுப்படி முழுக்கத் தீய்ந்த வாசனை வந்தது.

அம்சம் எழுந்திருக்கவில்லை.